எபிசோடு 27: "இருபது அம்பது" யார் சொன்னது?

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்துச் சுருக்கிய எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கலாம். என்னோட தப்பு.

எங்க வீட்டில் தாத்தாவோட அம்பாசிடர் ஒண்ணு நிற்கிறது. 1984 மாடல், பெட்ரோல், 1489 சி.சி. தாத்தா போன பிறகு அதை விற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. ஓட்டவும் ஆள் இல்லை. "நான் பாத்துக்கறேன்மா" என்று போன மார்ச்சில் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். முதல் வேலையாக ஆயில் மாற்றினேன். என் சின்ன காருக்கு என்ன ஊற்றுகிறேனோ அதையே வாங்கினேன்: ஃபுல் சிந்தெடிக், 5டபிள்யூ-30. விலை அதிகம், புது டெக்னாலஜி. பழைய என்ஜினுக்கு ராஜ மரியாதை செய்கிறோம் என்று நினைப்பு.

மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி, கத்திப்பாரா பக்கம் டிராஃபிக். வண்டி ஸ்லோவில் நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் லைட் மினுக் மினுக் என்றது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடும். விட்டால் மறுபடி எரியும். பின்னால் ஹார்ன், முன்னால் பஸ், உள்ளே எனக்கு வியர்வை. அந்த லைட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என்ஜினுக்குள் ஆயில் பிரஷர் விழுகிறது. பேரிங் போனால் என்ஜினை இறக்க வேண்டும். அந்தச் செலவைக் கேட்டால் அம்மாவே "வித்துடலாம்"னு சொல்லிடுவாங்க.

எப்படியோ உருட்டிக்கொண்டு தாத்தாவின் பழைய மெக்கானிக்கிடம் போனேன். வயது அறுபது தாண்டியவர். டிப்ஸ்டிக்கை எடுத்து, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னா தம்பி ஊத்துன?"

"ஃபுல் சிந்தெடிக்ண்ணே. 5டபிள்யூ-30."

"தண்ணி மாதிரி இருக்கு. இந்த வண்டிக்கு இருபது அம்பதுதான் ஊத்தணும்."

"ஏன்ணே?"

"ஏன்னா? எங்க மேஸ்திரி காலத்துலேர்ந்து அதான்."

நம்ம வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமானது. பழைய கோடில் ஒரு கான்ஃபிக் வேல்யூ இருக்கும். யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று ஒரு கமென்ட்டும் இருக்காது. மாற்றினால் மட்டும் எல்லாம் உடையும். நான் அப்படித்தான் மாற்றி, உடைத்திருக்கிறேன். அதனால் இந்த "இருபது அம்பது" எங்கிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினால் 140 வருஷக் கதை வருகிறது.

கார்க்கைத் தள்ளிய ஆயில்

முதலில் ஒரு அடிப்படை. விஸ்கோசிட்டி என்றால் ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு. ஸ்கூல் புத்தகத்தில் பாகுநிலை என்று படித்திருப்பீங்க. தண்ணீருக்குக் குறைவு, தேனுக்கு அதிகம். சூடானால் குறையும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டவுடனே கெட்டியாக நகரும், கல் காய்ந்ததும் வழுக்கி ஓடும், பார்த்திருப்பீங்க இல்லையா, அதேதான்.

இது என்ஜினைக் காப்பாற்றுவது எப்படி? ரொம்ப காலம் "எண்ணெய் வழுக்கும், அதனால் தேயாது" என்பதற்கு மேல் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. 1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர், மெக்கானிக்கல் பொறியாளர்கள் நிறுவனத்துக்காக ரயில் பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். சுழலும் தண்டின் மேல் ஒரு பேரிங், கீழே எண்ணெய்த் தொட்டி. பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு ஓட்டை போட்டார். தண்டு சுற்ற ஆரம்பித்ததும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்த ஓட்டை வழியாக மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார். கார்க்கைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து அடைத்தார். அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் பிரஷர் கேஜை மாட்டினால், முள் 200 பி.எஸ்.ஐ. எல்லையைத் தாண்டி ஓடிவிட்டது. தண்டின் மேல் இருந்த சராசரிச் சுமையோ சுமார் 100 பி.எஸ்.ஐ.தான்.

மூன்று வருஷம் கழித்து, 1886-ல், மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். சுழலும் தண்டு, எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஒரு குறுகலான இடுக்குக்குள் திணிக்கிறது. வெளியே போக வழி இல்லாமல் அங்கே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் தண்டையே தூக்கி நிறுத்துகிறது. அதாவது நல்லபடியாக ஓடும் என்ஜினில் கிராங்க்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் ஒரு எண்ணெய்ப் படலம் மிதக்க வைக்கிறது. சுமை உச்சத்தில் இருக்கும்போது அந்தப் படலம் சில மைக்ரான்தான். நம்ம தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு.

இந்தப் படலம் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதை முக்கியமாக நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன. எண்ணெயின் விஸ்கோசிட்டி, சுற்றும் வேகம், மேலே இருக்கும் சுமை, பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. இப்போ என் கத்திப்பாரா கதைக்கு வாங்க. வெயில், டிராஃபிக், சூடு: விஸ்கோசிட்டி குறைவு. ஸ்லோவில் நிற்கிறது: வேகம் குறைவு, ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது. நாற்பது வருஷம் ஓடித் தேய்ந்த பேரிங்: இடைவெளி அதிகம், ஓரங்கள் வழியாக ஆயில் சீக்கிரம் வழிந்துவிடும். இத்தனையும் எனக்கு எதிராக இருக்கும்போது, மெல்லிசான ஆயிலையும் ஊற்றி வைத்திருந்தேன். லைட் எரியாமல் என்ன செய்யும்?

விளக்கெண்ணெயில் இருந்து எண்களுக்கு

சரி, அந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

பெட்ரோலியத்துக்கு முன்னால் மசகு என்றால் மாட்டுக் கொழுப்பு, திமிங்கில எண்ணெய், தாவர எண்ணெய். நம்ம ஊர் மாட்டு வண்டிக்கு வண்டி மை போடுவார்களே, வைக்கோலை எரித்த சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்தது, அது இந்த வம்சம்தான். 1866-ல் அமெரிக்காவில் ஜான் எல்லிஸ் என்ற டாக்டர் கச்சா எண்ணெயில் இருந்து நீராவி என்ஜின்களுக்கான மசகு எண்ணெய் தயாரிக்கத் தொடங்கினார். பின்னாளில் அதுதான் வால்வொலின்.

ஆனால் விளக்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்ட் என்பவர் 1899-ல் ஒரு ஆயில் கம்பெனி ஆரம்பித்தார். கார்களுக்கும் விமானங்களுக்கும் ஏற்ற ஆயிலைத் தேடி, அதில் ஆமணக்கு எண்ணெய் சேர்த்து 1909-ல் ஒரு பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் ஆமணக்கு எண்ணெய் காஸ்டர் ஆயில். பெயர் காஸ்ட்ரால். ஆமாம், பைக் ஆயில் வாங்கும்போது நாம் பார்க்கிற அதே பெயர். முதல் உலகப் போரின் ரோட்டரி என்ஜின் விமானங்கள் விளக்கெண்ணெயில்தான் ஓடின. எரிந்தும் எரியாமலும் வந்த புகை பைலட்டின் முகத்தில் அடிக்கும், அதனால் அவர்களுக்கு வயிறு கலக்கியது என்று ஒரு கதை ரொம்ப பிரபலம். சின்ன வயசில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளக்கெண்ணெய்க்கு நல்ல படலம் அமைக்கும் குணம் உண்டு. ஆனால் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக ஒட்டிக்கொள்ளும். தினமும் ஓடும் காருக்குச் சரிப்படாது. பெட்ரோலிய ஆயில் ஜெயித்தது. ஜெயித்ததும் புதுக் குழப்பம். ஒவ்வொரு கம்பெனியும் லைட், மீடியம், ஹெவி என்று தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. ஒருத்தரின் ஹெவி இன்னொருத்தரின் மீடியம். ஸ்டாண்டர்ட் இல்லாத ஏ.பி.ஐ. மாதிரி. நான் சொல்வது நம்ம சாஃப்ட்வேர் ஏ.பி.ஐ.; இன்னொரு ஏ.பி.ஐ. பின்னால் வரும்.

1905-ல் அமெரிக்காவில் தொடங்கிய வாகனப் பொறியாளர் சங்கம்தான் எஸ்.ஏ.இ. ஆயில் பாட்டிலில் பார்க்கிற அந்த மூன்று எழுத்து. 1911-ல் அவர்களுடைய முதல் ஆயில் விவரக்குறிப்பு வந்தது. அடுத்த இருபது வருஷத்தில் 20, 30, 40 என்ற எண் முறை நிலைத்தது.

இங்கே பலரும் தப்பாக நினைக்கிற ஒரு விஷயம். 40 என்பது விஸ்கோசிட்டியின் அளவு இல்லை. அது ஒரு பெட்டியின் பெயர். இன்றைய ஜே300 ஸ்டாண்டர்டின்படி, 100 டிகிரி செல்சியஸில் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருந்தால் அது 30. அங்கிருந்து 16.3 வரை 40. அதற்கு மேல் 21.9 வரை 50. அதனால் 40 என்பது 20-ஐப் போல ரெண்டு மடங்கு கெட்டி என்று கணக்குப் போடாதீங்க. ஒரு 30-இன் மேல் முனையும் ஒரு 40-இன் கீழ் முனையும் கிட்டத்தட்ட ஒரே ஆயில்தான்.

டபிள்யூ என்றால் பனிக்காலம்

அந்தக் காலத்து ஆயிலின் பெரிய பலவீனம், சூட்டில் ரொம்பவும் மெலிவது. 1929-ல் டீன், டேவிஸ் என்ற ரெண்டு பேர் இதை அளக்க ஒரு குறியீடு கண்டுபிடித்தார்கள். விஸ்கோசிட்டி இண்டெக்ஸ். அப்போது கிடைத்ததிலேயே குறைவாக மாறும் பென்சில்வேனியா ஆயிலுக்கு 100 மார்க். ரொம்ப மாறும் வளைகுடாக் கரை டெக்சாஸ் ஆயிலுக்கு 0. ரெண்டுக்கும் நடுவில் மற்ற ஆயில்கள்.

அமெரிக்க, ஐரோப்பியப் பனியில் 40 ஆயில் மெழுகு மாதிரி உறைந்து நிற்கும். என்ஜின் சுற்றவே சுற்றாது. அதனால் பனிக்காலத்துக்குத் தனி ஆயில், கோடைக்குத் தனி ஆயில். 1930-களில் 10டபிள்யூ, 20டபிள்யூ என்ற கிரேடுகள் வந்தன. டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் பனிக்காலத்துக்கான முதல் எழுத்து. இன்றைக்கு 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் என்ஜினைச் சுற்ற முடிகிறதா, மைனஸ் 20-ல் பம்பு இழுக்கிறதா என்ற சோதனையில் பாஸ் என்று அர்த்தம். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30, மைனஸ் 35.

சென்னையில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரி பக்கத்தில்தான் இருக்கும். ஊட்டியில் உறைபனி விழும் ராத்திரியிலும் மைனஸ் 15 கனவுதான். அதாவது நான் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய அந்த 5டபிள்யூ சான்றிதழ், என் தாத்தாவின் வண்டி வாழ்நாளில் பார்க்கவே போகாத ஒரு குளிருக்கானது. அதுக்காக முதல் எண் சுத்தமாக வேஸ்ட் என்று சொல்லவில்லை. நம்ம ஊர் காலை நேரத்திலும் மெல்லிய ஆயில் மேலே ராக்கர் வரைக்கும் கொஞ்சம் சீக்கிரம் போகும். ஆனால் எனக்குப் பிரச்சினை காலையில் இல்லை, மத்தியானத்தில். அங்கே பேசுவது ரெண்டாவது எண்.

காருக்குள் தாத்தாவின் நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. 1984-லிருந்து தேதி, கிலோமீட்டர், செலவு எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். நம்ம கிட் லாக் மாதிரி. ஆரம்ப வருஷங்களில் "ஆயில் 40" என்று மட்டும் இருக்கும். ஒற்றை கிரேடு. பனியே இல்லாத ஊரில் டபிள்யூ எதற்கு? சரிதானே. 1991-லிருந்து திடீரென்று "ஆயில் 20-50". கமென்ட் இல்லை. நல்ல கமிட் மெசேஜ் எழுதுகிற பழக்கம் எங்க குடும்பத்திலேயே கிடையாது போல.

ரெண்டு எண்ணும் ஒரே பாட்டிலில்

ஒரே ஆயில் குளிரில் 20டபிள்யூ மாதிரியும் சூட்டில் 50 மாதிரியும் நடந்துகொள்வது எப்படி? பாலிமர். மெல்லிய அடிப்படை ஆயிலில் நீளமான பாலிமர் மூலக்கூறுகளைக் கரைக்கிறார்கள். குளிரில் அவை சுருண்டு கிடக்கும், ஆயிலின் ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்காது. சூட்டில் விரிந்து படர்ந்து ஓட்டத்தைத் தடுக்கும். கவனிங்க, ஆயில் சூட்டில் கெட்டியாவதில்லை. எந்த ஆயிலும் சூட்டில் மெலியும். மல்டிகிரேடு கொஞ்சம் குறைவாக மெலியும், அவ்வளவுதான். பொதுவாக ஒரு 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் 150 சென்டிஸ்டோக்ஸுக்கு மேலே இருக்கும், 100 டிகிரியில் 18 பக்கம் வந்துவிடும். என் 5டபிள்யூ-30 சுமார் 60-ல் ஆரம்பித்து 10 பக்கம் போய் நிற்கும். சூட்டில் 18-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம்தான் கத்திப்பாராவில் எரிந்த சிவப்பு லைட்.

1950-களில் மல்டிகிரேடு கடைகளுக்கு வந்தது. 20டபிள்யூ-50-க்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஊர் பிரிட்டன். 1959-ல் அங்கே மினி கார் வந்தது. சின்ன வண்டிக்குள் இடம் மிச்சம் பண்ண, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்று வடிவமைத்திருந்தார்கள். கியர் பற்கள் ஒன்றோடொன்று கடிக்கும்போது அந்த நீளப் பாலிமர்களை நறுக்கித் தள்ளும். நறுக்கினால் ஆயில் மெலியும். அந்த நறுக்கலுக்குப் பிறகும் மிச்சம் கெட்டி இருக்கிற மாதிரி ஒரு ஆயில் தேவைப்பட்டது. 1960-களில் 20டபிள்யூ-50 அங்கே பரவியது. 1968-ல் காஸ்ட்ரால் ஜி.டி.எக்ஸ். அதே கிரேடில் வந்து வீட்டுப் பெயரானது.

இப்போ நம்ம அம்பாசிடரின் ஜாதகத்தைப் பாருங்க. அது மேற்கு வங்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. 1489 சி.சி. என்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் குடும்பம். இதே குடும்பத்தின் பெரிய அண்ணன்தான் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. அந்தக் கார்க்காரர்கள் அங்கே ஊற்றியதும் 20டபிள்யூ-50தான். இந்தக் குடும்பத்தின் பழைய என்ஜின்களில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஒரு திருகுப் பள்ளம் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். மெல்லிய ஆயில் அந்த வழியே சொட்டும். என் பார்க்கிங்கில் மார்ச்சிலிருந்து புதுசாக ஒரு கறுப்புக் கறை. அதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு இடைச்செருகல். வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது தெரியுமா? 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கேதான் தயாரானது. 948 சி.சி., அதுவும் பிரிட்டிஷ் பூர்வீகம். ஆக நம்ம ஊர் மேஸ்திரிகள் கை பழகிய என்ஜின்களில் பாதி இங்கிலாந்தில் இருந்து வந்தவை. பிரிட்டிஷ் என்ஜின், மதராஸ் வெயில். அங்கேயே 50 ஊற்றிய என்ஜினுக்கு இங்கே அதைவிட மெல்லிசாக ஊற்ற எந்த மேஸ்திரியும் யோசித்திருப்பார். "எங்க மேஸ்திரி காலத்துலேர்ந்து" என்பதில் ஒரு நியாயம் இருக்கு.

துத்தநாகமும் 1995-ம்

விஸ்கோசிட்டியோடு கதை முடியவில்லை. படலம் மிதக்க வைக்கும் என்றேன் இல்லையா? அது பேரிங்குக்குப் பொருந்தும். ஆனால் அம்பாசிடர் மாதிரி என்ஜினில் கேம் ஷாஃப்ட்டின் முட்டை வடிவ முகடு, தட்டையான டேப்பட்டின் மேல் உரசிக்கொண்டே போகும். அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் மிக அதிகம். எந்தப் படலமும் முழுசாக நிற்காது. அங்கே காப்பாற்றுவது வேதியியல்.

அதன் பெயர் ஜி.டி.டி.பி. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் சேர்ந்த ஒரு சேர்மம். 1940-களில் ஆயில் கெடாமல் இருக்கவும் பேரிங் அரிக்காமல் இருக்கவும் சேர்த்தார்கள். பிறகுதான் அது தேய்மானத்தையும் தடுக்கிறது என்று தெரிந்தது. உரசிச் சூடாகும் இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பூச்சைப் போடும். இரும்புக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேயும், மறுபடி உருவாகும்.

அப்புறம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயம். ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. கன்வெர்ட்டருக்குப் பாஸ்பரஸ் விஷம். என்ஜின் எரிக்கும் கொஞ்சம் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அதன் மேல் படிந்து செயலிழக்கச் செய்யும். அதனால் உலக அளவில் ஆயிலில் பாஸ்பரஸைக் குறைத்தார்கள். 1990-களின் ஆரம்பத்தில் 0.12 சதவீதம், 1996-ல் 0.10, 2004-ல் 0.08. நகரத்துக் காற்றுக்கு இது நல்ல முடிவு, சந்தேகமே இல்லை. புது என்ஜின்களில் டேப்பட்டுக்குப் பதில் உருளைகள் வந்ததால் பல கார்களுக்குப் பாதிப்பும் இல்லை.

ஆனால் அந்த 2004 வரம்பில் ஒரு விதிவிலக்கு. அது 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 20டபிள்யூ-50-க்கு அந்த 0.08 கட்டாயம் இல்லை. நான் ஊற்றிய ஆயில் தாத்தாவின் பேரிங்குக்கு மெல்லிசு மட்டும் இல்லை, டேப்பட்டுக்குத் தேவையான மருந்தும் அதில் குறைவாக இருந்திருக்கும்.

மெல்லிய ஆயில் ஏன் வந்தது என்பதற்கும் ஒரு அரசியல் உண்டு. 1973 எண்ணெய்த் தடை. அதற்குப் பிறகு 1975-ல் அமெரிக்கா ஒவ்வொரு கம்பெனியின் கார்களுக்கும் சராசரி மைலேஜ் வரம்பு வைத்தது. கெட்டி ஆயிலைக் கடைய என்ஜின் கொஞ்சம் சக்தியை வீணாக்குகிறது. மெல்லிசாக்கினால் மிச்சமாவது ரொம்பச் சின்ன சதவீதம்தான். ஆனால் லட்சக்கணக்கான கார்களின் சராசரியில் அது பெரிய காசு. என்ஜின் இடைவெளிகளையும் பேரிங்குகளையும் பம்புகளையும் அதற்கேற்ப மாற்றி 5டபிள்யூ-20, 0டபிள்யூ-20 என்று போனார்கள். 2013-ல் எஸ்.ஏ.இ. 16 என்ற புதிய பெட்டியே திறந்தது. 2015-ல் 12, 8. அந்த என்ஜின்கள் மெல்லிய ஆயிலுக்காகவே பிறந்தவை. தாத்தாவின் என்ஜின் அப்படிப் பிறக்கவில்லை. நான் புது லைப்ரரியைப் பழைய ரன்டைமில் போட்டு ஓடும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

அப்போ எதை ஊற்றுவது?

இங்கே மெக்கானிக் அண்ணனோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அவர் ஷெட்டுக்கு வரும் எல்லா வண்டிக்கும், பத்து வருஷ ஹேட்ச்பேக்குக்கும், "பழசாச்சுல்ல, இருபது அம்பது" என்கிறார். அது தப்பு. பழசு என்பது வயதில் இல்லை, டிசைனில். 2012-ல் செய்த இறுக்கமான என்ஜினுக்கு 50 ஊற்றினால் காலையில் ஆயில் மேலே போக நேரமாகும், மைலேஜ் விழும், கன்வெர்ட்டருக்கும் நல்லதில்லை. அந்த வண்டியின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். பழைய புத்தகங்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப ஒரு பட்டியலே இருக்கும். நம்ம ஊருக்கு அதில் சூடான பக்கத்தைப் பார்க்கணும்.

அம்பாசிடர், ஹெரால்டு, பத்மினி மாதிரி தட்டை டேப்பட் வண்டிகளுக்கு என் முடிவு இது. முதலில் ரெண்டாவது எண்: நம்ம வெயிலுக்கு 40 அல்லது 50. பேரிங் நல்லா இருந்தால் 15டபிள்யூ-40-ஏ போதும். தேய்ந்திருந்தால் 20டபிள்யூ-50. அடுத்து வேதியியல்: கம்பெனியின் தகவல் தாளில் பாஸ்பரஸ் 1000-லிருந்து 1200 பி.பி.எம். பக்கம் இருக்கிறதா என்று பாருங்க. பாட்டிலில் ஏ.பி.ஐ. வட்டம் இருக்கும், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தர முத்திரை. நான் சொன்ன இன்னொரு ஏ.பி.ஐ. இதுதான். "லேட்டஸ்ட் எழுத்துதான் பெஸ்ட்" என்று கண்ணை மூடி எடுக்காதீங்க. சிந்தெடிக்கா மினரலா என்பது கடைசிக் கேள்வி. சிந்தெடிக்கிலும் 20டபிள்யூ-50 உண்டு. என் தப்பு சிந்தெடிக் வாங்கியது இல்லை, 30 வாங்கியது.

எல்லாவற்றுக்கும் மேலே, அளந்து பாருங்க. இதை மெக்கானிக் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். பழைய ஆயிலை இறக்கி, நாலு லிட்டர் 20டபிள்யூ-50 ஊற்றினார். லைட் அணைந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆயில் லைட்டின் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பிரஷர் கேஜைத் திருகினார். அரை மணி நேரம் வண்டியை ஓட்டி, நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவில் விட்டார். முள் 12-ல் நின்றது.

"இது பதினஞ்சுக்கு மேல நிக்கணும் தம்பி. லைட்டு அஞ்சாறுக்குக் கீழ போனாத்தான் எரியும். அதனால அணைஞ்சுடுச்சு. ஆனா உள்ள பேரிங் தேஞ்சிருக்கு. ஆயில் அத மறைக்குது, அவ்ளோதான்."

எனக்கு அந்த நிமிஷம்தான் முழுசாகப் புரிந்தது. ஒரு எரர் மெசேஜை அடக்கி வைப்பதும் பக்கை சரி செய்வதும் ஒன்றில்லை என்று தினமும் ஆபீஸில் ஜூனியர்களுக்குச் சொல்கிறவன் நான். கெட்டி ஆயில் தேய்ந்த பேரிங்கை வளர்த்துக் கொடுக்காது. இடைவெளியை நிரப்பிக் கொஞ்ச நாள் அவகாசம் தரும். அதையும் தாண்டி ரொம்பக் கெட்டியாகப் போனால், பிரஷர் முள் உயரும், ஆனால் ஓட்டம் குறையும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ராக்கர் காய்ந்து கிடக்கும்.

அன்று ராத்திரி அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். லைட் அணைந்ததை மட்டும் சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். "என்ஜின இறக்கணும்மா. இப்போ இல்ல, மழை முடிஞ்சு. கிராங்க், பேரிங் பாக்கணும்" என்றேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுவரைக்கும் வெயில்ல எடுத்துட்டுப் போகாத. காலைல கோயிலுக்கு மட்டும் போலாம்" என்றாங்க. விற்கலாம் என்ற பேச்சு வரவில்லை.

அந்தக் கேஜை நான் கழற்றவில்லை. இப்போ டேஷ்போர்டுக்குக் கீழே நிரந்தரமாக இருக்கு. நோட்டுப் புத்தகத்தில் தாத்தாவின் கடைசி வரிக்குக் கீழே நானும் எழுதினேன்: தேதி, கிலோமீட்டர், "20-50, மினரல், 4 லிட்டர். சூட்டில் ஸ்லோவில் 12. காரணம்: பேரிங் தேய்மானம், ஜனவரியில் பார்க்கணும்." எங்க குடும்பத்தில் காரணம் எழுதிய முதல் கமிட் மெசேஜ் அதுதான்.

உங்க வீட்டில் ஏதாவது பழைய வண்டி நின்றால், போய் அதன் புத்தகத்தைத் தேடி எடுங்க. கிடைக்கவில்லை என்றால், அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கைத் தேடிப் பிடிங்க. அவர் "எப்பவும் அதான்" என்றுதான் சொல்வார். அதோடு திரும்பி வந்துடாதீங்க. பக்கத்தில் நின்று, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இன்னொரு தடவை ஏன்னு கேளுங்க. ஜனவரியில் என்ஜினை இறக்கியதும் உள்ளே என்ன பார்த்தோம் என்று ஒரு எபிசோடு கட்டாயம் போடறேன்.